ரசிகரை அணைத்துவிட்டுச் செல்லவும்

ஏப்ரல் 3, வியாழன்

இந்த டைரி வேலைக்காக வாங்கியது. எந்த நாளில் எவ்வளவு மொழிபெயர்த்தேன் என்று குறித்து வைக்க மட்டும். சொந்தக் கதை எழுதும் வயது எனக்குத் தாண்டிவிட்டது. ஐம்பத்திரண்டு ஆகிறது.

வேலை இதுதான். கடற்கரைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஹோட்டல் திறக்கப்போகிறார்கள். பிரான்சிலிருந்து புதுச்சேரிக்கு வருகிறவர்களை நம்பித்தான் கடை. அதனால் அறைக் குறிப்பு, மெனு, சுவர்ப் பலகை எல்லாவற்றையும் ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்ற வேண்டும். ஏற்கெனவே கம்ப்யூட்டரிடம் கொடுத்து மாற்றிவிட்டார்களாம். "லேசா ஒரு பார்வை பார்த்துக் குடுத்தா போதும் மேடம்" என்றாள் மேனேஜர் நிவேதிதா. பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவளிடம் லேசாகப் பார்க்கச் சொல்கிறாள்.

பார்த்தேன். அறையை விட்டுப் போகும்போது ஃபேனை அணைக்கச் சொல்லும் குறிப்பு முதலில் வந்தது. கம்ப்யூட்டருக்கு ஃபேன் என்றால் சினிமா நடிகருக்கு விசில் அடிப்பவர் மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது. "புறப்படும் முன் உங்கள் ரசிகரை அணைக்கவும்" என்று பிரெஞ்சில் போட்டிருக்கிறது. பிரெஞ்சிலாவது அது விளக்கை அணைக்கிற அணைப்பு. தமிழில் யோசித்தால் விஷயம் போலீஸ் வரைக்கும் போகும்.

கீழ் வீட்டில் இருக்கும் தங்கை பெர்னதேத்திடம் சொன்னேன். கையில் மாவுக் கரண்டியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு ஓர் இட்லித் தட்டு வீணாய்ப் போனது.

ஏப்ரல் 5, சனி

என்னைச் சரிபார்க்க இன்னொருவரைப் போட்டிருக்கிறார்கள். பெயர் தைரியநாதன். பிரெஞ்சு ராணுவத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியவர். மனைவி இறந்து சில வருஷம் ஆகிறதாம். நான் கேட்கவில்லை, பெர்னதேத்தான் விசாரித்தாள். புதனும் சனியும் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்பது நிவேதிதாவின் ஏற்பாடு.

மனிதர் காதில் ஒரு சிவப்புப் பென்சிலோடு வந்தார். தச்சு வேலைக்கு வந்தவர் என்று நினைத்துக் கதவைச் சாத்தப் பார்த்தேன். என்னை "மிஸ்" என்று கூப்பிடுகிறார். அவருடைய அண்ணன் மகள் என்னிடம் படித்தவளாம். ஊரில் பாதிப் பேருக்கு நான் மிஸ்தான். காய்கறிக்காரர்கூட "மிஸ், முருங்கை வேணுமா" என்றுதான் கேட்கிறார். ரொசாலி என்ற பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது.

இன்று சண்டை 'ஸ்பிரிங்' என்ற சொல்லுக்காக. ஊற்றுத் தண்ணீர் என்று வர வேண்டிய இடத்தில் கம்ப்யூட்டர் 'வசந்தகாலத் தண்ணீர்' என்று எழுதியிருந்தது. நான் அடித்தேன். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, அடித்ததை அடிக்கப் பார்த்தார். தப்புதான், ஆனால் நன்றாக இருக்கிறதே, அப்படி ஒரு தண்ணீர் கிடைத்தால் நானே குடிப்பேன் என்றார். தப்பு நன்றாக இருப்பதால் சரியாகிவிடாது என்றேன். வகுப்பில் சொல்லும் குரலில்தான் சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு "சரி மிஸ்" என்றார். கிண்டலா பணிவா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 9, புதன்

இன்று 'டேட்'. அறைப் பதிவுத் தாளில் வருகைத் தேதி கேட்கும் இடத்தில் 'வருகைப் பேரீச்சம்பழம்' என்று பிரெஞ்சில் இருந்தது. மெனுவில் பேரீச்சம்பழ கேக் இருக்க வேண்டிய இடத்தில் 'காலண்டர் கேக்'. இரண்டையும் இடம் மாற்றி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்றார் தைரியநாதன். 'லைட்' வந்தது. எளிய காலை உணவுக்குப் பதிலாக விளக்குகளைத் தின்னக் கொடுத்திருந்தார்கள். 'சேஃப்' வந்தது. அலமாரிக்குள் பெட்டகம் இருக்கிறது என்பதை, அலமாரிக்குள் ஒருவர் நலமாக இருக்கிறார் என்று கம்ப்யூட்டர் உறுதி சொல்லியிருந்தது. அவர் எழுந்துபோய் என் அலமாரியைத் திறந்து, உள்ளே நலம் விசாரித்துவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

அவர் போன பிறகு பெர்னதேத் காலி டம்ளர்களை எடுக்க வந்தாள். "டேட் எப்படிக்கா போச்சு?" என்றாள். தேதியா பழமா என்றேன். "மூணாவது ஒண்ணு இருக்கில்ல, அது" என்றாள். இஸ்திரி போட்ட பருத்திப் புடவை கட்டியிருந்ததைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். ஏப்ரல் மாத வெயிலில் பருத்தி கட்டாமல் பட்டா கட்டுவார்கள்?

ஏப்ரல் 10, வியாழன்

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். வேலை ஓடவில்லை.

ஏப்ரல் 12, சனி

இன்றைய வேலையை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

விருந்தாளிகள் கிளம்பும்போது பார்க்க, வாசலுக்கு மேலே பெரிய பலகை ஒன்று வைக்கப்போகிறார்கள். 'இப்போதே உங்களை மிஸ் பண்ணுகிறோம்' என்பது அதன் ஆங்கிலம். கம்ப்யூட்டர் கொடுத்தது 'நூ வூ மாங்கோன் தேழா'. நாம், நீங்கள், மிஸ் பண்ணுகிறோம், இப்போதே. வரிசை பார்க்க அழகாக இருக்கிறது. அர்த்தம்தான் தலைகீழ். நீங்கள் இப்போதே எங்களை மிஸ் பண்ணுகிறீர்கள் என்று விருந்தாளியிடம் ஹோட்டல் சொல்கிறது. பணத்தைக் கட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவனிடம் இவ்வளவு திமிரா?

பிரெஞ்சில் யார் இல்லையோ அவர்தான் எழுவாய். யாருக்கு வலிக்கிறதோ அவர் 'கு' போட்டுக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும். நீங்கள் எங்களுக்குக் குறைகிறீர்கள்: 'வூ நூ மாங்கே தேழா'. ஆங்கிலத்தின் வழியாகப் போகிறவர்கள்தான் இங்கே விழுவார்கள். தமிழிலிருந்து நேராகப் போனால் விழவே வேண்டியதில்லை. எனக்குப் பசிக்கிறது, எனக்கு வலிக்கிறது என்று சொல்லிப் பழகியவர்கள்தானே நாம்? இதை நான் வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடு போடுவேன். என் வகுப்பில் படித்த ஒரு பிள்ளையும் 'நூ வூ' என்று உளறாது.

தைரியநாதன் ஒப்புக்கொண்டார். 'மிஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தார். கல்யாணமாகாதவள் ஒன்று. பஸ்ஸைத் தவறவிடுவது ஒன்று. ஆள் இல்லாமல் மனசு தவிப்பது ஒன்று. "நாலாவது நீங்க, மிஸ்" என்றார். முதலாவதும் நான்தான் என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.

அடுத்த சொல் 'லீவ்'. அறையைக் காலி செய்வதற்கு ஒரு பிரெஞ்சு வார்த்தை, சாவியை விட்டுச்செல்வதற்கு இன்னொன்று, விடுமுறைக்கு வேறொன்று. ஊரை விட்டுக் கிளம்புவதற்கு 'பர்த்தீர்'. எடுத்துக்காட்டு ஒன்று வேண்டுமே என்றேன்.

"இருபத்தெட்டாந் தேதி நான் கிளம்புறேன்" என்றார்.

எடுத்துக்காட்டுதான் என்று நினைத்து எழுதிக்கொண்டே இருந்தேன். இல்லையாம். துலூஸில் இருக்கும் மகன், வயதான காலத்தில் தனியாக எதற்கு என்று ஒரு வழி டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டானாம். வீட்டுக்கு வாடகை ஆள் பார்த்தாகிவிட்டதாம். திரும்பி வரும் யோசனை இல்லையாம். மகன் கூப்பிடும்போது மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமல்லவா, தன்னிடம் அப்படி ஒன்றும் இல்லை என்றார். நல்ல செய்தி, துலூஸ் அழகான ஊர் என்றேன்.

அதற்குப் பிறகு செய்த வரிகளையெல்லாம் நாளை மறுபடி பார்க்க வேண்டும். 'டவல்' என்ற இடத்தில் 'விமானம்' என்று எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

தமிழ்ப் புத்தாண்டு. எதிர்வீட்டிலிருந்து மாங்காய்ப் பச்சடி வந்தது. வேப்பம்பூ கொஞ்சம் அதிகம். இன்று வேலை நடக்காததற்கு அதுதான் காரணம்.

ஏப்ரல் 16, புதன்

ஹோட்டலுக்கு ஒரு சந்தேகம். ஆங்கில 'யூ'வைப் பிரெஞ்சில் எப்படிப் போடுவது? நீ என்றா, நீங்கள் என்றா? பாரீஸில் இப்போது சில ஹோட்டல்கள் விருந்தாளியையே நீ என்று உரிமையோடு அழைக்கின்றனவாம். அப்படிச் செய்யலாமா என்று நிவேதிதா கேட்டிருந்தாள்.

இதில் எனக்கும் தைரியநாதனுக்கும் சண்டையே வரவில்லை. இரண்டு பேருமே நீங்கள் என்கிற 'வூ'தான் என்றோம். ஆங்கிலம் சோம்பேறி மொழி. யாராக இருந்தாலும் யூ, கடவுளும் யூ, தெருநாயும் யூ. நமக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும்தான் வாயைத் திறப்பதற்கு முன்பே எதிரில் இருப்பவர் யார் என்று தெரிந்தாக வேண்டும். பெரியவருக்கு 'வூ', நண்பனுக்கு நீ என்கிற 'தூ'. பிள்ளைகளிடம் நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு: மரியாதை இல்லை என்றால் தூ, ஞாபகம் வைத்துக்கொள்ள இதைவிட என்ன சுலபம்? தமிழ்க் காதில் அது துப்புகிற சத்தம்தானே.

அவர் சிரித்தார். பிறகு பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார். சீவ வேண்டிய அவசியமே இல்லை, முனை நன்றாகத்தான் இருந்தது.

"பட்டாளத்துல எல்லாரும் எனக்குத் தூதான்" என்றார். "வீட்டுக்காரியும் நானும் பிரெஞ்சுலதான் சண்ட போடுவோம், ஊர்ல வளந்த புள்ளைங்களுக்குப் புரியாதுன்னு. இப்போ தூ சொல்ல ஆள் இல்ல, மிஸ். மவன்கூட ஆபீஸ் பழக்கத்துல போன்ல இங்கிலீஷ்தான் பேசுறான்."

பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். ஒரு பிஸ்கட்டை எடுத்துக் காப்பியில் நனைத்தார். அது பாதியில் உடைந்து உள்ளே விழுந்தது. இருவரும் அதை மீட்கும் வேலையில் இறங்கிவிட்டோம்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கோவில். எனக்கு முன் வரிசையில் தைரியநாதன். ஒரு பாட்டிலும் சுருதி சேரவில்லை. சட்டைக் காலர் நைந்திருக்கிறது. துலூஸில் யாராவது கவனிப்பார்களா?

ஏப்ரல் 21, திங்கள்

ஈஸ்டர் கேக் மிச்சத்தை எடுத்துக்கொண்டு பெர்னதேத் மேலே வந்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறேனாம். எப்போதும் இருக்கும் முகம்தான் என்றேன்.

"சொல்லிடேன்க்கா" என்றாள்.

எதை என்று கேட்டேன். மிஸ் பண்ணுவேன் என்று சொன்னால் என்னவாம், அவர் என்ன கடித்தா தின்றுவிடுவார்?

அவளுக்கு மொழியின் சங்கடம் புரியாது. நாம் எல்லோரும் நாள் முழுக்க மிஸ் பண்றேன், மிஸ் பண்றேன் என்கிறோம். அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். உங்களுக்காக ஏங்குகிறேன் என்றால் பின்னாலேயே வயலின் வாசிக்க வேண்டும். நீங்கள் இல்லாமல் வெறிச்சென்று இருக்கும் என்றால் பிரிவுபசாரக் கூட்டத்தில் தலைமையாசிரியர் பேசுவது. உங்களைத் தேடும் என்று சொல்லலாம், ஆனால் அது கைக்குழந்தைக்குச் சொல்வது. மிஸ் பண்ணுவேன் என்று ஆங்கிலத்திலேயே சொல்லிவிடலாம் என்றால், அந்த மனிதர் முன்னால் அந்த ஒரு வார்த்தையைப் பற்றி நான் முக்கால் மணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறேன். இனி அதைச் சாதாரணமாகச் சொல்லவே முடியாது.

மற்றபடி சொல்வதற்கு எதுவும் இல்லை. வேலை முடியப்போகிறது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 24, வியாழன்

பலகைகளை மாட்டிவிட்டார்கள், வந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று நிவேதிதா காலையில் கூப்பிட்டாள். நானும் தைரியநாதனும் போனோம். தனித்தனியாகத்தான் போனோம், வாசலில் சேர்ந்துகொண்டோம்.

அறைகளில் எல்லாம் சரி. மின்விசிறிக்குக் கீழே ஒட்டிய குறிப்பில் மின்விசிறிதான் இருந்தது, ரசிகர் இல்லை. தைரியநாதன் அலமாரியைத் திறந்து, "உள்ளார யாருமில்ல" என்று அறிக்கை கொடுத்தார். தண்ணீர் பாட்டிலைத் தூக்கி, வசந்தம் போய்விட்டதே என்று வருத்தப்பட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு நாளில் இவர் இல்லை.

கீழே வந்து வாசலைப் பார்த்தேன். பொன்னிற எழுத்தில், ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம். 'நூ வூ மாங்கோன் தேழா.'

பழைய ஃபைலை அச்சுக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. நிவேதிதாவைக் கூப்பிட்டு, இந்த ஹோட்டலிலிருந்து போகிற ஒவ்வொருவரிடமும் நீங்கள் எங்களை நினைத்து ஏங்குகிறீர்கள் என்று சொல்லப்போகிறீர்களா என்று கேட்டேன். இரண்டு எழுத்து இடம் மாறினதுக்கா மேடம் என்றாள். இரண்டு எழுத்துதான், ஆனால் யாருக்கு யார் குறைகிறார் என்பதே அதில்தான் இருக்கிறது என்று அந்தப் பலகையை நாலைந்து தடவை சத்தமாக வாசித்துக் காட்டினேன். அச்சுக்காரரிடம் பேசுகிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே ஓடினாள்.

பலகைக்கு அடியில் நானும் அவரும்.

இதோடு வேலை முடிந்தது, இனி சனிக்கிழமை வர வேண்டியதில்லை, பெட்டி கட்ட வேண்டும் என்றார். ஆமாம் என்றேன். பெர்னதேத்துக்கு நன்றி சொல்லச் சொன்னார். சொல்கிறேன் என்றேன். அவர் படி இறங்கினார். அப்போது எனக்குள் இருந்த எல்லா மொழியும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. தமிழில் வழியில்லை, ஆங்கிலத்தில் மானம் போகும். பிரெஞ்சு மட்டும் மீதி இருந்தது. அதைச் சொல்லிவிட்டேன். பின்னால் நின்ற பக்கத்து ஹோட்டல் காவலாளிக்கும் கேட்டிருக்கும்.

"ழெ வூ மாங்க்."

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. 'நீங்கள் எனக்குக் குறைகிறீர்கள்' என்று சொல்லவில்லை. 'நான் உங்களுக்குக் குறைகிறேன்' என்று சொல்லியிருக்கிறேன். நான் உங்களை மிஸ் பண்ணுகிறேன் என்பதற்குப் பதிலாக, நீங்கள் என்னை மிஸ் பண்ணுகிறீர்கள். கரும்பலகையில் இரண்டு கோடு போட்ட நான், அந்தப் பாழாய்ப்போன பலகையை வாசித்து வாசித்து அதே குழியில் தலைகுப்புற விழுந்தேன். அதுவும் ஊரிலேயே என் பிரெஞ்சைச் சரிபார்க்கச் சம்பளம் வாங்குகிற ஒரே மனிதர் முன்னால். வெட்கத்தில் எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அவர் திரும்பி வந்தார். கை பழக்கத்தில் காதுக்குப் போய்ச் சிவப்புப் பென்சிலை எடுத்தது. என்னைப் பார்த்தார், மேலே பலகையைப் பார்த்தார். பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இதுல திருத்த ஒண்ணும் இல்ல, ரொசாலி" என்றார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. ஆட்டோவில்தான் வந்திருக்க வேண்டும். சாப்பிடும்போதுதான் இன்னொன்று உறைத்தது. முதல் தடவையாக மிஸ்ஸை அவர் மிஸ் பண்ணிவிட்டார்.

ஏப்ரல் 25, வெள்ளி

முருங்கைக்காய் மலிவு. கேஸ் வந்தது. தைரியநாதன் டிக்கெட்டைப் போக வர இரண்டுக்குமாக மாற்றிவிட்டாராம். மகன் ஏன் என்று கேட்டதற்கு, ஊரில் ஒரு மொழிபெயர்ப்பு பாக்கி இருக்கிறது, ஜூனில் வந்தாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் சொல்ல அவரே வீடுவரை வந்தார், போனில் சொல்லியிருக்கலாம். நான் காலர் நைந்த அந்தச் சட்டையை வாங்கி வைத்துக்கொண்டு வேறு காலர் தைத்தேன். எப்படியும் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

காலையில் கார் வந்து அவரைச் சென்னைக்கு ஏற்றிக்கொண்டு போனது. நான் வாசலில் நிற்கவில்லை. மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன், அங்கிருந்து தெருமுனை வரைக்கும் தெரியும்.

மத்தியானம் ஹோட்டலில் புதிய பலகையை மாட்டிவிட்டதாக நிவேதிதா படம் அனுப்பினாள். 'வூ நூ' சரியாக இருக்கிறது.

நாலு மணிக்கு போன் அடித்தது. விமான நிலைய இரைச்சல். பெட்டி எடை கூடிவிட்டது, ஊறுகாயைக் கையில் தூக்கிக்கொண்டேன் என்று ஏதேதோ சொன்னார். பிறகு விமான அறிவிப்பு ஒன்று குறுக்கே ஓடியது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"தூ மெ மாங்க் தேழா" என்றார்.

நீ எனக்கு இப்போதே குறைகிறாய். வூ இல்லை, தூ. வாழ்க்கையில் ஒருவர் என்னைப் பார்த்துத் தூ என்று சொல்லி எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் வந்தது இதுதான் முதல் தடவை. இந்த முறை அவசரப்படவில்லை. யார் எழுவாய், யாருக்குக் 'கு' என்று மனசுக்குள் ஒருமுறை பார்த்துக்கொண்டு, அதே வரியை அவருக்குத் திருப்பிச் சொன்னேன். தூ உள்பட.

பெர்னதேத் படியேறி வந்தாள். போனில் யார், கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்டாள்.

"ஹோட்டல் வேலதான்" என்றேன். "பலகையில ஒரு சின்னத் திருத்தம்."

இன்று மொழிபெயர்த்தது: ஒரு வரி.